எந்த வயிறு?

பக்கத்து அறையில் முத்திரை விழும் சத்தம் கேட்டது. டொக். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு டொக், டொக்.

ஒரு டொக் என்றால் விண்ணப்பம் தேறிவிட்டது. இரண்டு என்றால் திரும்பி வருகிறது. இரண்டாவது அடி சிவப்பு மையில் விழும். பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் அலுவலகத்தில் இந்த ஏற்பாடு வந்து மூன்று வருஷம் ஆகிறது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எஸ்னாத் கபலமுலாவுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்படிச் செய்தால் மாணவர்கள் வாசலிலிருந்தே முடிவைத் தெரிந்துகொண்டு கிளம்பிவிடலாம், வீணாகக் கூட்டம் சேராது என்று யோசனை சொன்னதே அவள்தான்.

இப்போது அவளுடைய தாள் உள்ளே போயிருந்தது. சத்தமே இல்லை.

ஐம்பத்து மூன்று வயது. தலையில் கறுப்புத் துணி. செருப்பில் முலாஞ்சே மலையடிவாரத்துச் செம்மண். ஆறு நாளைக்கு முன்னால் அந்த மண்ணில்தான் சின்னம்மா எனிஃபாவைப் புதைத்தார்கள். விடியற்காலை முதல் மினிபஸ்ஸில் ஏறி, விடுப்புப் படிவத்தைக் கொடுத்துவிட்டு மத்தியானமே ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று வந்திருந்தாள். துக்க வீட்டில் மூத்த மகள் உட்காரும் பாய் வேறு யாருக்கும் ஆகாது. அது காலியாகக் கிடந்தால் ஊர் பேசும்.

கதவு திறந்தது. எழுத்தர் லைட்டன் சௌகிலா தலையை நீட்டினான். நல்ல பையன், வடக்கத்தியான், முப்பது வயதுக்குள் இருக்கும்.

"அம்மா, கொஞ்சம் உள்ள வர்றீங்களா? சத்தமா சொல்ற விஷயம் இல்ல."

"என்ன தம்பி?"

"உங்கம்மா ஏற்கெனவே செத்துட்டாங்களே!" என்றான், சத்தமாகவே.

பெஞ்சில் செல்போனுக்குள் குனிந்திருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். எஸ்னாத் எழுந்து உள்ளே போனாள்.

மேஜை மேல் அவளுடைய கோப்பு விரிந்து கிடந்தது. லைட்டன் இரண்டு கடிதங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தான். இரண்டும் ஊர்த்தலைவர் கொடுத்தவை.

"இது ரெண்டு வருஷம் முந்தி, ஜூலை மாசம். 'இவரைச் சுமந்த தாய் இறந்தார்.' பதினாலு நாள் கொடுத்திருக்கோம். இது போன வாரம். அதே தலைவர், அதே முத்திரை. 'இவரைச் சுமந்த தாய் இறந்தார்.' எத்தனை பேரும்மா உங்களைச் சுமந்தாங்க?"

எஸ்னாத்தின் காது மடல் சுட்டது. தலைவர் நல்ல மனுஷன். அவள் மேல் இருக்கிற பிரியத்தில் பொய் எழுதிக் கொடுத்துவிட்டார். வாங்கும்போது படித்துப் பார்க்கவில்லை. துக்க வீட்டில் யார் கடிதத்தைப் படிக்கிறார்கள்?

"முந்தி செத்தது பெத்தவங்க. இப்போ செத்தது அவங்க தங்கச்சி. என்னை வளர்த்தவங்க."

"அப்ப ஆன்ட்டி!" என்று லைட்டன் முகம் மலர்ந்தான், சிக்கல் தீர்ந்துவிட்டது போல. "ஒண்ணும் பிரச்சினை இல்ல. அம்மாவை அடிச்சுட்டு மேல ஆன்ட்டின்னு எழுதிடுங்க."

"அம்மாவை அடிக்கச் சொல்றீங்களா?"

"கோடு போட்டு அடிக்கறது, அம்மா."

எஸ்னாத் பேனாவைத் தொடவில்லை. அவன் இழுப்பறையிலிருந்து பச்சை அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்தான். செவிலியர் முனைவர் பட்ட மாணவர் கையேடு: விதிகளும் வசதிகளும்.

"விதி பதினேழு. கேளுங்க. 'ஓர் உறவினர் மறைவுக்கு ஒரு முறை மட்டுமே விடுப்பு. தாய் என்பது மாணவியைச் சுமந்த தாயை மட்டும் குறிக்கும். அவருடைய அக்கா தங்கைகள் ஆன்ட்டி என்ற பத்தியில் வருவர், மூன்று நாள்.' எவ்வளவு கச்சிதமா இருக்கு பாருங்க. நாலு வருஷமா பார்க்கறேன், இந்த விதில ஒரு ஓட்டை கிடையாது. யாரு எழுதினாங்களோ, அவங்க காலைத் தொட்டுக் கும்பிடணும்."

கையேட்டின் கடைசிப் பக்கத்தில், அச்சகத்தின் பெயருக்கு மேலே, எறும்பு வரிசை போன்ற எழுத்தில் இருந்தது: மாணவர் பிரதிநிதி, எ. கபலமுலா. கடைசிப் பக்கத்தை லைட்டன் படித்ததில்லை. யாருமே படித்ததில்லை.

அந்தப் பெயர் அங்கே எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

எஸ்னாத் பெண்கள் வார்டில் இருபத்திரண்டு வருஷம் மேட்ரனாக இருந்தவள். கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் நோயாளியை எழுப்பி உட்காரவைத்து மறுபடி விரிக்கச் சொல்லுகிறவள். அவளுக்கு ஒரே ஒரு எதிரி உண்டு: சாவு. நோயாளிகளின் சாவு இல்லை, அதை அவள் முறைப்படி எதிர்கொள்வாள். நர்ஸ்களின் அம்மாக்களுடைய சாவு. எங்கள் பக்கத்தில் அம்மாவின் அக்காவும் அம்மா, தங்கையும் அம்மா. பாட்டிக்கு ஐந்து பெண்கள் இருந்தால் ஒரு நர்ஸுக்கு ஐந்து அம்மா சாக வேண்டியிருக்கும். ஒவ்வொரு சாவுக்கும் வார்டில் ஓர் ஆள் குறையும். எஸ்னாத் ஒரு நீல நோட்டு போட்டாள். எந்த நர்ஸுக்கு எந்தத் தேதியில் எந்த அம்மா என்று அதில் ஏறும். கண்ணீரோடு யார் வந்து நின்றாலும் அவள் கேட்பது ஒரே கேள்விதான்.

"எந்த வயிறு?"

பெற்ற வயிறு என்றால் போகலாம். மற்ற வயிறென்றால் வேலையைப் பார்க்கலாம். அவளுக்கு வார்டு வைத்த பெயரும் அதுவே. 'எந்த வயிறு வருது' என்றால் விரிப்புகள் தாமாகவே இழுபட்டுக்கொள்ளும்.

ஃபேனி தொம்போசி என்ற நர்ஸின் சின்னம்மா செத்தபோது, அந்தப் பெண் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எனக்கு எல்லாமே அவங்கதான், மேட்ரன்."

"எல்லாமேன்னு ஒரு உறவு நோட்டுல இல்ல," என்றாள் எஸ்னாத்.

பாவம், ஃபேனி மறுநாளே மலேரியாவில் படுத்துவிட்டாள். மனசு கேட்காமல் எஸ்னாத் அவளுக்கு ஆறு ஆரஞ்சுப் பழம் கொடுத்தனுப்பினாள். பொதுவாகவே அந்த வார்டு நர்ஸ்களை மலேரியா விடாமல் துரத்தியது. எஸ்னாத் அதற்குக் கணக்கெடுத்து, அட்டவணை போட்டு, மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பி, ஐம்பது கொசுவலை வாங்கிக் கொடுத்தாள். அதற்காக ஆஸ்பத்திரி கொடுத்த பாராட்டுப் பத்திரம் இன்றும் அவள் கூடத்தில் கண்ணாடிக்குள் தொங்குகிறது.

ஒருநாள் வெளிநாட்டிலிருந்து ஒரு நர்சிங் டாக்டர் வார்டைப் பார்க்க வந்தார். பெயருக்கு முன்னால் முனைவர். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கத் தெரியவில்லை. 'இதுக்கே பட்டம்னா' என்று அன்று சாயங்காலம் எஸ்னாத் நினைத்தாள். நாற்பத்தொன்பதாவது வயதில், புருஷனை இழந்த மூன்றாம் வருஷம், முனைவர் பட்டப் படிப்பின் முதல் அணியில் ஆறு பேரில் ஒருத்தியாகச் சேர்ந்தாள். மாணவர் பிரதிநிதியாக யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது ஐந்து பேர் ஜன்னலைப் பார்த்தார்கள். எஸ்னாத் கையைத் தூக்கினாள். நீல நோட்டின் சாரம் முழுவதும் விதி பதினேழில் இறங்கியது.

ஆய்வோ வேறு மாதிரி. ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாகத் தரையில் பாய் போட்டுக் கிடக்கும் பெண்களைப் பற்றியது. அதன் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தாள்: 'நோயாளி யாரை அம்மா என்று அழைக்கிறாளோ அவளே இந்த ஆய்வில் அம்மா.' வழிகாட்டி பேராசிரியை அடிக்கோடிட்டு 'அற்புதம்' என்று எழுதினார். எஸ்னாத்துக்கு இதில் முரண் எதுவும் படவில்லை. ஆய்வு வேறு, வார்டு வேறு.

"தம்பி, எனக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள்," என்றாள் அவள் இப்போது. இன்றைக்குப் புதன். "அம்மாவுக்கான விடுப்புன்னா அந்தக் கடைசி நாளும் பதினாலு நாள் தள்ளிப் போகும். ஆன்ட்டிக்குத் தள்ளாது."

"தள்ளாது. விதி இருபது."

அதுவும் அவள் எழுதியதுதான். ஏற்கெனவே கொடுத்த ஒரு வருஷ நீட்டிப்பும் தீர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் ஆய்வேடு வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். நாலு வருஷமும் போகும். ஐந்தாம் அத்தியாயத்தில் பேராசிரியை சொன்ன திருத்தம் நாற்பது பக்கத்துக்கு நிற்கிறது. இரண்டு மாதமாக எஸ்னாத் திருத்தியது எனிஃபாவின் தலையணையை மட்டும்தான்.

"அம்மான்னே விட்டுட்டா?"

"பொய்த் தகவல்னு கமிட்டிக்குப் போகும். அது முடியற வரைக்கும் உங்க பேரு நிறுத்திவைக்கப்படும்." லைட்டன் பக்கத்தைத் திருப்பினான். "ஒரு வழி இருக்கு. பதினேழு ஆ. சந்தேகம் வந்தா மாணவி வேலை பார்த்த வார்டோட மேட்ரன் எழுத்துல சாட்சி சொல்லணும். அவங்க சொன்னா அதுதான் முடிவு. நாளைக்குப் பத்து மணிக்குள்ள வேணும்."

எழுதும்போது எஸ்னாத்துக்கு அந்தப் பிரிவு மேல் தனிப் பெருமை. மேட்ரன் என்றால் தன்னைப் போல ஒருத்தி, அவளை யார் ஏமாற்ற முடியும் என்று நினைத்திருந்தாள்.

"இப்ப அங்க யாரும்மா மேட்ரன்?"

"ஃபேனி தொம்போசி," என்றாள் எஸ்னாத்.

அவள் முகத்தைப் பார்த்து லைட்டனுக்கு இரக்கம் வந்துவிட்டது. கையேட்டின் பின்பாதி, வசதிகள். அவன் விரலால் தேடினான். "அமைதிப் படிப்பறை, சாவி தொலைஞ்சுபோச்சு. எழுத்து உதவி, அந்த அம்மா மாற்றலாகிப் போயிட்டாங்க. ஆ, இதோ. 'துக்கத்தில் இருக்கும் மாணவியருக்கு மன ஆறுதல் ஆலோசகர். அனுபவமுள்ள மூத்த செவிலி. எந்த நேரமும் அழைக்கலாம்.' இருங்க, நானே போட்டுத் தர்றேன். மனசு விட்டுப் பேசுங்க."

அவன் எண்ணை அழுத்திக் காதில் வைத்தான்.

எஸ்னாத்தின் கைப்பைக்குள் செல்போன் அடித்தது.

இருவரும் அந்தப் பையைப் பார்த்தார்கள். அது நிதானமாக, தேவாலயப் பாட்டு ஒன்றை முழுதாக வாசித்து ஓய்ந்தது.

"அந்த வேலைக்கும் யாரும் கை தூக்கல, தம்பி," என்று சொல்லிவிட்டு எஸ்னாத் எழுந்தாள்.

மத்தியானம் லிம்பேயில் தன் வீட்டில், மேஜை மேல் ஆய்வேட்டையும் இரண்டு கடிதங்களின் நகல்களையும் வைத்துவிட்டு, தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். ஃபேனியைப் போய்ப் பார்க்கக் கால் எழவில்லை. எந்த முகத்தோடு போவது? ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெண் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றது நேற்று போல இருந்தது. அப்போது அந்தக் கண்ணீர் வார்டுக்கு ஆள் குறையப்போகிற அறிகுறியாகத்தான் தெரிந்தது. இன்றைக்கு அது அவளுடைய சொந்தக் கண்ணிலேயே நின்று உறுத்தியது.

வாசலில் செருப்பு கழற்றும் ஓசை. இடுப்பில் துக்கத் துணி கட்டி, தலையில் மக்காச்சோள மாவுப் பாத்திரத்தோடு ஃபேனி தொம்போசி வந்து நின்றாள். உடம்பு சற்றுப் பெருத்திருந்தது. மேட்ரன் நாற்காலிக்கு அந்தக் குணம் உண்டு.

மாவை இறக்கி வைத்தாள். பாயில் எதிரே உட்கார்ந்தாள்.

"பெரிய இழப்பு, மேட்ரன்."

"நீதானே இப்ப மேட்ரன்."

"வாய் பழகிப்போச்சு. யூனிவர்சிட்டில இருந்து போன் பண்ணாங்க. ஒரு பையன். சாட்சிக் கடிதம் வேணும்னான். அதான் ஓடி வந்தேன்." ஃபேனி இடுப்பு முடிச்சிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினாள். "அதெல்லாம் எதுக்கு? இந்தாங்க."

எஸ்னாத் பிரித்துப் பார்த்தாள். டாக்டர் சீட்டு. அவள் பெயர். கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருந்தது.

"மலேரியான்னு போட்டிருக்கு!"

"பதினாலு நாள். உடம்பு சரியில்லன்னா எந்த வயிறுன்னு யாரும் கேக்கமாட்டாங்க. கடைசி நாளும் தானா தள்ளிப்போகும்."

"எனக்கு மலேரியா இல்லையே, ஃபேனி."

"யாருக்கு இருந்துச்சு?"

எஸ்னாத்துக்கு முதலில் புரியவில்லை. ஃபேனியின் உதட்டோரம் துடித்தது. துக்க வீட்டில் சிரிக்கக்கூடாதே என்று வாயைத் துணியால் மூடிக்கொண்டாள்.

"எங்க சின்னம்மா சாவுக்கு நான் போனேன், மேட்ரன். கடைசி வரைக்கும் இருந்து கூட்டிப் பெருக்கிட்டுத்தான் வந்தேன். நீங்க கொடுத்தனுப்பின ஆரஞ்சைப் பந்தியில வெச்சோம். எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க."

"அப்ப... மத்தவங்க?"

"உங்க காலத்துல ஒரு சாவை யாரும் தவறவிட்டதில்ல. நீங்க மாட்டேன்னு சொல்ற அன்னைக்கே டாக்டர்கிட்ட வரிசை நிக்கும். எங்க வார்டு மாதிரி மலேரியா வந்த வார்டு இந்த நாட்டுலயே கிடையாது." ஃபேனியின் பார்வை சுவரில் இருந்த பாராட்டுப் பத்திரத்துக்குப் போனது. "கொசுவலை வந்தப்பதான் எங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமாப் போச்சு."

எஸ்னாத் அந்தப் பத்திரத்தைப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் அவள் காவல் நின்றது ஒரு திறந்த வாசலுக்கு. ஒருத்தி மட்டும்தான் அந்த வார்டில் உண்மையாக எல்லாச் சாவையும் தவறவிட்டவள். அது யார் என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது. பெரியம்மாக்கள் மூன்று பேர். ஒருத்தியின் அடக்கத்துக்கும் அவள் போகவில்லை.

"சீட்டு வேண்டாம்," என்றாள் மெதுவாக. "எனிஃபா அம்மா செத்ததுக்கு நான் காய்ச்சல்னு எழுதமாட்டேன். கடிதம் எழுதிக் கொடு. அம்மான்னு எழுது."

ஃபேனியின் முகம் மாறியது. அவள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அது மட்டும் கேக்காதீங்க."

"பழைய கோபமா?"

"ஐயோ, இல்ல. அறுபது கட்டில், பதினோரு நர்ஸ். நான் சின்னம்மாவை அம்மான்னு சாட்சி சொன்னேன்னு தெரிஞ்சா, நாளைக் காலைல பதினோரு பேரும் வாசல்ல நிப்பாளுங்க. உங்களை எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா? அந்த நாற்காலில உக்காந்த மூணாம் மாசம் புரிஞ்சுபோச்சு. நீல நோட்டு இன்னும் என் டிராயர்லதான் இருக்கு. நானும் எழுதறேன்." தாளை மறுபடி தள்ளினாள். "பொய்னா வார்டு தாங்கும், மேட்ரன். உண்மையைத்தான் தாங்காது."

தான் வளர்த்த வார்டு எதிரே பாயில் உட்கார்ந்து தன் குரலிலேயே பேசுவதை எஸ்னாத் கேட்டாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருந்தது. கை நீண்டு சீட்டை எடுத்தது.

ஃபேனி மேஜையிலிருந்த தலைவர் கடிதத்தை எடுத்துப் பார்த்தாள். "பாருங்க, தலைவரே பொய் எழுதியிருக்காரு. 'இவரைச் சுமந்த தாய்'னு. ஊருக்குப் பெரியவர் ஒண்ணு சொல்லலாம், நீங்க ஒண்ணு சொல்லக்கூடாதா?" அவள் குரலில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைப் பிரிப்பது போல உள்ளங்கையை விரித்தாள். "ம். எந்த வயிறு?"

கேலிதான். ஆனால் அந்தக் கேள்வியை எஸ்னாத்திடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

பெற்றவள் தேயிலை பறிக்கப் போனாள். பிறகு ஒருத்தனோடு ஹராரே போனாள். எனிஃபாவுக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதும், தண்ணீர் எடுக்கும்போதும், அன்னாசித் தோட்டத்தில் களை பிடுங்கும்போதும் அவள் முதுகில் ஒரு துணி, துணிக்குள் எஸ்னாத். உலகத்தை எஸ்னாத் முதல்முதலில் பார்த்தது எனிஃபாவின் தோளுக்கு மேலாகத்தான். போன வாரம் அந்த முதுகைக் கடைசியாகக் குளிப்பாட்டியபோது, இடது தோள் வலது தோளைவிடத் தாழ்ந்திருப்பதைப் பார்த்தாள். பதினொரு வயது எலும்பு வளைந்து, அப்படியே நின்றுவிட்டிருந்தது.

"வயிறு இல்ல, ஃபேனி," என்றாள். "முதுகு. மூணு வருஷம் அவங்க முதுகுலதான் கிடந்தேன். சுமந்தாங்க. அவங்கதான் என்னைச்..."

நிறுத்தினாள்.

இருவரும் ஒரே நேரத்தில் கடிதத்தைப் பார்த்தார்கள். இவரைச் சுமந்த தாய். எங்கள் பக்கத்துப் பேச்சில் வயிற்றில் சுமப்பதற்கும் முதுகில் சுமப்பதற்கும் அந்த ஒரே சொல்தான். லைட்டனின் வடக்கில் இரண்டு சொல். அவன் குழம்பியதில் தப்பில்லை. தலைவருக்குக் குழப்பமே வரவில்லை. இரண்டு தடவையும் உண்மையைத்தான் எழுதியிருந்தார்.

"விதில என்ன எழுதினீங்க?" என்றாள் ஃபேனி, மெல்ல.

"சுமந்த தாய்."

"வயித்துலன்னு எழுதலையா?"

"தனியா எழுதணும்னு தோணல."

ஓட்டையே இல்லாத விதியில், கதவு அளவுக்கு ஒரு வழி. வழியை வைத்தவளுக்கே நாலு வருஷம் தெரியவில்லை.

ஃபேனி பேனாவை எடுத்தாள். 'மறைந்த எனிஃபா அம்மையார் இந்த மாணவியைச் சுமந்த தாயே என்று வார்டு மேட்ரனாகிய நான் சாட்சி கூறுகிறேன்' என்று எழுதி, கையெழுத்திட்டு, தேதி போட்டாள். பதினாலு நாள். மேட்ரன் சொன்னால் அதுதான் முடிவு; கடைசி நாள் நகர்ந்தது. எழுதி முடித்ததும் அவளுடைய கண்ணிலிருந்தும் ஒரு சொட்டு விழுந்து, முத்திரை குத்த வேண்டிய இடத்தை நனைத்தது.

"எங்க சின்னம்மாவும் என்னைச் சுமந்தாங்க," என்றாள். "அன்னைக்கு எனக்குச் சொல்லத் தெரியல."

"எனக்கும் கேக்கத் தெரியல," என்றாள் எஸ்னாத்.

ஃபேனி மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மலேரியாச் சீட்டை எடுத்து, நாலாய் மடித்து, இடுப்பு முடிச்சில் செருகினாள்.

"அதைக் கிழிச்சுப் போடேன்," என்றாள் எஸ்னாத்.

"எதுக்கு? பேரை மாத்திக்கலாம். நம்ம வார்டுல எவளுக்காவது ஆகும்." வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே திரும்பினாள். கவலை மறுபடியும் மேட்ரன் முகத்துக்கு வந்துவிட்டது. "ஆனா மேட்ரன், இது வெளிய தெரிஞ்சா என்ன பண்றது? இந்த ஊர்ல எவளை ஒரே ஒரு முதுகு சுமந்திருக்கு?"

ஃபேனி தலையை ஆட்டிக்கொண்டு, பதினோரு பெண்களின் பெரியம்மா சின்னம்மாக்களை விரல்விட்டு எண்ணியபடியே தெருவில் இறங்கினாள். மழைக்கு ஊதிப்போயிருந்த கதவைத் தோள் கொடுத்து அழுத்தி, எஸ்னாத் சாத்தினாள்.